பெறுமா, கட்டுமா, தகுமா

1

2025ஆம் ஆண்டு மே மாதம், பாம்பனில், முன்பு என்னிடம் படித்த ஒருவன் என்னை ஒரு கேள்வி கேட்டான். நான் பதில் சொன்னேன். பதில் சரிதான். நான் சொல்லியிருக்கக் கூடாது என்று இப்போது படுகிறது. சரியான பதில் ஒன்று சொல்லத் தகாததாக எப்படி இருக்க முடியும் என்பதை எனக்கே விளக்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். ஒரு போன் வாங்குவதைப் பற்றிய விஷயம் இந்தப் பக்கங்களுக்கு உரியதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். மதிப்பீடு என்ற சொல்லை நம்மைவிட அதிகமாகச் செலவழித்தவர்கள் தமிழில் இல்லை. அந்த உரிமையில் கேட்கச் சொல்கிறேன்.

அவன் விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். படகு அவனுடையதல்ல. பங்குக்குப் போகிறான். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சுவதில் ஒரு பங்கு. அது தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். ஏப்ரல் 6ஆம் தேதி திறக்கப்பட்டிருந்த புதிய ரயில் பாலத்தைப் பார்க்க வந்தவர்கள் சாலைப் பாலத்தின் ஓரம் நின்று போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் பாலத்தைப் பார்க்கவில்லை. அவர்களுடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், ஐபோன் 16இன்னு ஒண்ணு வந்திருக்காம்ல. அறுபதாயிரம் சொல்றாக. அது பெறுமா சார்?"

வாத்தியாருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்ற மூடநம்பிக்கை எங்கள் கரையில் இன்னும் சாகவில்லை. எனக்கு அது பிடித்துத்தான் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். "ஒரு வாரம் குடு, பாத்துச் சொல்றேன்" என்றேன்.

2

ஒரு வாரம் படித்தேன். பொருளைப் பார்க்காமலே பொருளைப் பற்றித் தத்துவம் பேசுவது நம் வட்டாரத்தில் தேவைக்கு அதிகமாக நடந்துவிட்டது. எனவே முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன்.

ஆப்பிள் நிறுவனம் இந்தப் போனை 2025 பிப்ரவரி 19இல் அறிவித்தது. இந்தியாவில் ஆரம்ப விலை 59,900 ரூபாய். அதே நிறுவனத்தின் ஐபோன் 16 வெளியானபோது 79,900. இருபதாயிரம் குறைவு என்பதால் இதை மலிவுப் பதிப்பு என்றார்கள். உள்ளே இருக்கும் ஏ18 சில்லு மேல்வரிசைப் போனின் சில்லுதான். கிராபிக்ஸ் பகுதியில் மட்டும் ஒரு கூறு குறைவு. பின்புறம் ஒரே காமிரா, 48 மெகாபிக்ஸல். திரை வினாடிக்கு 60 தடவை தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. அதே சமயத்தில் 20,000, 25,000 ரூபாய்க்குக் கிடைத்த ஆண்ட்ராய்டு போன்களில் 120 தடவை புதுப்பிக்கும் திரை சர்வசாதாரணம். காமிராக்கள் இரண்டு, மூன்று. சார்ஜ் ஏறுவதும் வேகம். ஆக, ஓர் உறுப்பில் உயர்தரம், பல உறுப்புகளில் நடுத்தரம், விலையில் உயர்தரத்தின் வாசற்படி.

இதற்கு ஆதரவான வாதங்களில் மரியாதைக்குரியது ஒன்று உண்டு: ஆயுள். 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆர், 2024இல் வந்த ஐஓஎஸ் 18 மென்பொருள் வரை பெற்றது. விலையை வருஷங்களால் வகுத்துப் பார், அறுபதாயிரம் அவ்வளவு பெரிதல்ல என்கிறார்கள். கை மாற்றி விற்றாலும் விலை அவ்வளவு இறங்காது என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் 2025 மார்ச்சில் வந்த சாம்சங் கேலக்ஸி ஏ56 ஆறு ஆண்டு மென்பொருள் வாக்குறுதியுடன் வந்தது. அதன் ஆரம்ப விலை 41,999. ஆயுள் என்ற வாதமும் பழைய பலத்தோடு நிற்கவில்லை.

இனி, கடலுக்குப் போகிறவன் கண்ணால் பார்க்க வேண்டிய மூன்று விஷயங்கள்.

ஒன்று, தண்ணீர். இந்தப் போனுக்கு ஐபி68 என்று ஒரு தரக்குறி. ஆறு மீட்டர் ஆழத்தில் முப்பது நிமிஷம் தாங்கும். ஆனால் அந்தச் சோதனையில் தண்ணீர் என்பது நன்னீர். உப்பு நீருக்கு உத்தரவாதம் இல்லை. தண்ணீர் என்ற சொல் பாம்பனில் குறிப்பதும் சோதனைச்சாலையில் குறிப்பதும் ஒன்றல்ல.

இரண்டு, ஆபத்தில் உதவி. டவர் எட்டாத இடத்திலிருந்து விண்கோள் மூலம் அபாயச் செய்தி அனுப்பும் வசதி இந்தப் போனில் இருக்கிறது. கரையிலிருந்து சில மைல் போனால் டவர் போய்விடும் ஒருவன், அறுபதாயிரத்தையும் யோசிக்காமல் கொடுக்கக்கூடிய ஒரே காரணம் அதுதான். போன் வெளியானபோது அந்த வசதி கிடைத்த நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. விலையில் இருப்பது பயனில் இல்லை.

மூன்று, இடம் அறிதல். 1974 ஒப்பந்தத்துக்குப் பிறகு பாக் நீரிணையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு ஓடுகிறது. எங்கள் ஆட்களுக்கு அந்தக் கோட்டின் இந்தப் பக்கம் தொழில், அந்தப் பக்கம் சிறை. எனவே எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது வேடிக்கை அல்ல. இந்தியாவின் சொந்த வழிகாட்டு விண்கோள் அமைப்பான நாவிக்கை ஏற்கும் ரெட்மி நோட் 9 ப்ரோ 2020 மார்ச்சில் 12,999 ரூபாய்க்கு வந்தது. ஐபோன்களில் நாவிக் முதலில் வந்தது 2023இல், 15 ப்ரோவில். அதன் ஆரம்ப விலை 1,34,900. மலிவான போனுக்கு முதலிலும் விலை உயர்ந்த போனுக்கு மூன்று வருஷம் கழித்தும் வந்த வசதி அது. விலை ஏறினால் பயனும் அதே அளவில் ஏறும் என்பதற்கு எந்த விதியும் இல்லை.

இவ்வளவையும் கூட்டிக் கழித்து ஒரு வாரம் கழித்து அவனிடம் சொன்னேன்: "பெறாதுப்பா. இருபத்தஞ்சுக்குள்ள நல்லதா ஒண்ணு வாங்கு. போதும்."

அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலைப் பார்த்தபோதே எனக்கு ஏதோ உறுத்தியது.

3

தமிழில் விலையை விசாரிக்க மூன்று சொற்கள் உண்டு. பெறுமா, கட்டுமா, தகுமா. கடைத்தெருவில் மூன்றும் ஒன்றுபோலத்தான் புழங்குகின்றன. ஆனால் மூன்றும் மூன்று கேள்விகள்.

பெறுமா என்பது ஒரு பொருளைச் சந்தையில் மற்றப் பொருள்களுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்பது. இதில் வாங்குபவன் யார் என்ற பேச்சே இல்லை. லட்சாதிபதி கேட்டாலும் கூலிக்காரன் கேட்டாலும் பதில் ஒன்று. அதனால்தான் இதற்குச் சரி, தப்பு என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது. போன்களைப் பற்றி எழுதுகிறவர்கள் செய்வது முழுக்க இதுதான். நான் ஒரு வாரம் செய்ததும் இதுதான்.

கட்டுமா என்பது வாங்குபவனின் வரவு செலவைப் பற்றியது. இங்கே ரூபாய் என்பது எல்லோருக்கும் ஒரே ரூபாய் அல்ல. தடைக்காலத்துக்கு மீனவக் குடும்பத்துக்கு அரசு கொடுக்கும் நிவாரணம் முன்பு 5,000 ரூபாயாக இருந்தது. 8,000 ஆக உயர்த்தப்போவதாக 2023இல் மண்டபத்தில் நடந்த மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். 59,900ஐ 8,000 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட ஏழரை. ஏழரை ஆண்டுத் தடைக்கால நிவாரணம் ஒரு போன். சனி பகவானுக்கு இந்தக் கணக்கு பிடித்திருக்கும். இதே தொகை சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவன ஊழியனுக்கு ஒரு மாதச் சம்பளத்தில் ஒரு பகுதி. இருவரும் ஒரே விலை கொடுக்கிறார்கள் என்று ரசீது சொல்லும். ரசீது நாட்களை எண்ணுவதில்லை.

கட்டுமா என்ற கேள்விக்கு ஆமாம் என்று துல்லியமாகப் பதில் கிடைத்த சந்தர்ப்பமும் உண்டு. கேரளத்தின் வட கரையில் 1997க்கும் 2001க்கும் இடையில் செல்போன் வந்தபோது மத்தி பிடிப்பவர்கள் அதைக் கடலில் எடுத்துப்போனார்கள். எந்தக் கரையில் விலை உண்டு என்று கடலில் இருந்தே கேட்டு அங்கே படகைத் திருப்பினார்கள். ஒரு கரையில் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டுவதும், பக்கத்துக் கரையில் மீனில்லாமல் திரும்பிப் போவதும் நின்றது. ராபர்ட் ஜென்ஸன் 2007இல் வெளியிட்ட ஆய்வில் மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, மீன் விலை 4 சதவீதம் குறைந்தது என்று கணக்குக் காட்டினார். அன்று அந்தப் போன் விலை உயர்ந்த பொருள்தான். ஆனால் அது தன் விலையைத் தானே சம்பாதித்துக் கொடுத்தது. மீனின் விலையைத் தெரிந்துகொள்வதற்காக வாங்கப்பட்ட கருவி. இன்று அதே கருவியின் விலை பெறுமா என்று தெரியாமல் கரையில் நின்று கேட்கிறோம் என்பதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

தகுமா என்பது வேறு விதமான கேள்வி. முதல் இரண்டிலும் எழுவாய் பொருள் அல்லது பணம். இதில் எழுவாய் ஆள். 'இது உனக்குத் தகுமா' என்று மனிதனைப் பார்த்துத்தான் கேட்க முடியும். போன்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கடைசி வரியில் 'இது தன் விலையை நியாயப்படுத்துகிறது' அல்லது 'நியாயப்படுத்தவில்லை' என்று முடிக்கிறார்கள். போன் எப்படி நியாயப்படுத்தும்? குற்றம் சாட்டப்படக்கூடியவன்தான் நியாயம் சொல்ல முடியும். பொருள் நல்லதாக இருக்கலாம், மோசமாக இருக்கலாம். நியாயமாக இருக்க முடியாது. பெறுமா என்பதற்குக் கிடைத்த பதிலை எடுத்து, தகுமா என்பதற்கான இடத்தில் ஓசைப்படாமல் வைத்துவிடுகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். அவன் வாயில் வந்த சொல் 'பெறுமா'. கேட்டது அதுதானா என்று நான் நின்று பார்க்கவில்லை.

4

அதிக விலை எதற்கு என்பதை இந்தக் கரைக்காரர்கள் போன் வருவதற்கு வெகுகாலம் முன்பே பார்த்திருக்கிறார்கள்.

மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்பது பழைய தொழில். கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கத்துச் சங்குகள் வளையல் அறுக்க வங்காளம் வரை போயின. 1914இல் ஜேம்ஸ் ஹார்னெல் சென்னை மாகாண மீன்துறைக்காக இந்தியாவின் சங்கைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். எடுத்த சங்கைக் குறுக்களவு பார்த்துத் தரம் பிரித்தார்கள். பருமனுக்கு ஏற்ற விலை. அதுவரை எல்லாம் பெறுமா என்ற கணக்குக்குள் வருகிறது.

ஆனால் எப்போதாவது ஒரு வலம்புரி. அதே பிராணி, அதே கடல், அதே ஓடு, அதே மூச்சை அடக்கிய முங்கல். சுழி மட்டும் மறுபக்கம். அதன் விலை மற்றச் சங்குகளின் விலைவரிசையிலேயே நிற்காது. ஊதினால் வேறு நாதம் வருமென்று சொல்ல முடியாது. அறுத்தால் வளையல் நன்றாக வருமென்றும் அல்ல. அதை யாரும் அறுக்கவே மாட்டார்கள்.

இதில் இன்னொரு விநோதம். உயிரியலார் சங்கின் கூர்முனையை மேலே வைத்துப் பார்க்கிறார்கள். அப்போது நம்முடைய வலம்புரியின் வாய் இடப்பக்கம் வருகிறது. அவர்கள் சாஸ்திரத்தில் அது இடஞ்சுழி. வலம் என்பது ஓட்டில் மட்டும் இல்லை, பிடிக்கிற கையிலும் இருக்கிறது. மேலும், அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் ஒரு வகைக் கடல் நத்தை உண்டு. அந்த இனத்துக்கு இயற்கையான சுழியே இப்படித்தான். அதைக் கொண்டுவந்து இங்கே வலம்புரி என்று ஏமாற்றி விற்பதும் நடக்கிறது. அங்கே எல்லாமே வலம்புரி. ஆகவே அங்கே வலம்புரி என்று ஒன்று இல்லை.

விலையின் உபரி அரிதாயிருப்பதிலிருந்து வருகிறது என்பது இதன் பாடம். இதைப் புரிந்துகொள்வதில் சிரமமில்லை; வலம்புரி உண்மையாகவே அரிது, கடல் அதை அப்படி வைத்திருக்கிறது. போனின் கதை அப்படி அல்ல. அது கோடிக்கணக்கில் பண்ணப்படுகிறது. வேண்டுமென்றால் இன்னும் ஒரு கோடி பண்ணலாம். அந்தப் பொருள் அரிதல்ல. அதை வாங்க முடிந்தவர்கள்தான் அரிது. அப்படி அரிதாக்குவது அதன் விலைதான். சங்கில் அருமை விலையை உண்டாக்கியது. இங்கே விலை அருமையை உண்டாக்குகிறது. பிறகு அந்த அருமையைக் காட்டி விலைக்கு நியாயம் சொல்கிறார்கள். தன் வாலைத் தானே விழுங்கும் இந்தத் தர்க்கத்தை 1899லேயே தோர்ஸ்டைன் வெப்லன் ஓய்வுள்ள வர்க்கத்தைப் பற்றி எழுதிய நூலில் பிடித்துவிட்டார். விலை அதிகம் என்பதாலேயே விரும்பப்படும் பொருள்கள்.

5

வியாபாரிகள் கேட்பது இன்னொரு சொல்: 'அடக்கம் என்ன?' அடக்க விலை. பொருளுக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பது. பணிவுக்கும் அந்தச் சொல்தான். புதைப்பதற்கும் அந்தச் சொல்தான்.

ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா தொழிற்சாலை வந்தது, 2014இல் மூடப்பட்டது. இன்று அதே வட்டாரத்தில் ஐபோன்கள் பொருத்தப்படுகின்றன. பொருத்துகிறவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். தமிழ்நாட்டின் தூர மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கி வேலை செய்கிறவர்கள். 2021 டிசம்பரில் ஒரு விடுதியில் சாப்பாடு விஷமாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, மற்றப் பெண்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்தார்கள். தொழிற்சாலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது. விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தேவையான தரத்தில் இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

அறுபதாயிரத்தில் இது அடங்கியிருக்கிறதா? அடங்கியிருக்கிறது, மூன்றாவது அர்த்தத்தில். விலை அதிகம் என்பதால் பொருத்திய கைக்கு அதிகம் போயிற்று என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அதே சமயம் இருபதாயிரம் ரூபாய்ப் போன் வாங்குகிறவன் இந்த விஷயத்தில் சுத்தம் என்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அதுவும் இதே போன்ற கைகள் பொருத்தியதுதான். அந்தக் கைகளைப் பற்றி நமக்குச் செய்திகூட வருவதில்லை. இந்த இடத்தில் மலிவு ஒரு ஒழுக்கம் அல்ல. சிக்கனத்தை நீதி என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் தலைமுறை வாத்தியார்களுக்கு உண்டு. எனக்கு நிறையவே உண்டு.

6

நான் பெறாது என்று சொன்ன அன்று, அவன் தலையாட்டிவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தான். பிறகு சொன்னான்:

"பெறாதுன்னு எனக்கும் தெரியும் சார். போன மாசம் ராம்நாட்ல ஒரு கல்யாணம். எல்லாரும் சாப்பாட்டு மேசைமேல போனை எடுத்து வச்சாக. நானும் வச்சேன். அப்பறம் குப்புறத் திருப்பி வச்சேன். அப்பறம் எடுத்துப் பைக்குள்ள போட்டுக்கிட்டேன்."

இதற்கு என்ன பதில்? வீண் ஜம்பம் என்று ஒரு சொல் தயாராக இருந்தது. நல்ல வேளையாக அது வாய்வரை வரவில்லை.

ஆடம் ஸ்மித் 1776இல் எழுதிய நூலில் லினன் சட்டையைப் பற்றி ஒரு இடம் வருகிறது. கிரேக்கரும் ரோமானியரும் லினன் இல்லாமலே சௌகரியமாக வாழ்ந்தார்கள். ஆனால் தன் காலத்து ஐரோப்பாவில் ஒரு தினக்கூலிக்காரன்கூட லினன் சட்டை இல்லாமல் நாலுபேர் முன் வர வெட்கப்படுவான். எனவே அது அவசியப் பொருள்களில் சேரும் என்கிறார் அவர். அவசியம் என்பதை உடம்பின் தேவையால் மட்டும் அளக்க முடியாது, வெட்கத்தாலும் அளக்க வேண்டும் என்று ஒரு பொருளாதாரக்காரர் ஒப்புக்கொண்டது சாதாரண விஷயமல்ல.

அப்படியானால் அந்தப் போன் இவனுடைய லினன் சட்டையா? நான் இதை வெகுநேரம் யோசித்தேன். முழுக்க அல்ல என்றுதான் படுகிறது. லினன் சட்டை எல்லோரிடமும் இருப்பது. எல்லோரும் போட்டபின் வெட்கம் தீர்ந்துவிடுகிறது. ஆப்பிள் எல்லோரிடமும் இருந்தால் மேசைமேல் வேறொன்று வரும். முன்னால் நகர்ந்துகொண்டே போகும் சட்டை அது. எட்டிப் பிடித்துப் போட்டுக்கொள்ளவே முடியாதது. ஆனால் இந்தத் தர்க்கம் அவனுடைய வெட்கத்தைப் பொய்யாக்காது. பந்தியில் குப்புறத் திரும்பிய போன் உண்மை. அவனை அப்படித் திருப்ப வைத்தவர்கள் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். போன் வேண்டுமா வேண்டாமா என்று கணக்குக் கேட்க வேண்டியது அவர்களிடம். நாமோ எப்போதும் அவனிடம்தான் கேட்கிறோம். ஏழை வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் நியாயம் சொல்ல வேண்டியிருக்கிறது. பணக்காரன் ரசீது காட்டினால் போதும்.

இன்னொன்றும் உண்டு. அவனுக்கு அழகு என்று ஒன்று இருக்கக்கூடும் என்பதையே நான் கணக்கில் எடுக்கவில்லை. டவர், தண்ணீர், எல்லைக்கோடு என்று மீனவனாகவே அவனை வைத்துப் பார்த்தேன். அந்தக் கண்ணாடியின் வழவழப்பு, விளிம்பு வளையும் விதம், கையில் உட்காரும் கனம் இவற்றுக்காக ஒருவன் ஆசைப்படுவது இழிவல்ல. நம்மில் ஒருவர் ஆசைப்பட்டால் அதை ரசனை என்போம்.

7

இங்கே நம்மிடம் வருகிறேன்.

புத்தகத்தைப் பற்றி எழுதுவதற்கு நாம் வைத்த பெயர் மதிப்புரை. மதிப்பை உரைப்பது. போனைப் பற்றி எழுதுபவனும் மதிப்புரைதான் எழுதுகிறான். இருவரில் யார் யோக்கியன் என்று பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அவன் விலையைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறான். எதனோடு ஒப்பிடுகிறான் என்பதையும் சொல்கிறான். நாம் ஒரு கவிதைத் தொகுதியை 'தேறாது' என்று ஒரு வரியில் தள்ளும்போது எதற்குப் பக்கத்தில் வைத்துத் தள்ளினோம் என்று சொல்வதில்லை. விலையைப் பேசுவது அநாகரிகம் என்று நினைக்கிறோம். நம் மதிப்பீடுகள் விலைக்கு அப்பாற்பட்டவை என்ற பாவனை. அவனிடம் மதிப்பில்லாத விலை. நம்மிடம் விலையில்லாத மதிப்பு.

ஆனால் இரண்டுபேரும் ஒரே இடத்தில் தாவுகிறோம். இந்தக் கவிதை நல்ல கவிதை என்பது பெறுமா என்ற கேள்விக்கான பதில். அதை நாம் வாதிக்கலாம், வாதிக்க வேண்டும், அதில் தாட்சண்யம் கூடாது. ஆனால் அங்கிருந்து, இதை நீ படிக்கத்தான் வேண்டும், படிக்காதவன் தாழ்ந்தவன் என்று போகிறோம். அது தகுமா என்பதற்கான பதில், கேட்காதவனுக்குக் கொடுத்தது. சின்ன வட்டத்துக்குள் இருப்பதையே நாமும் ஒரு வலம்புரியாகக் கொண்டாடியிருக்கிறோம். முந்நூறு பிரதி என்பது எங்கள் இயலாமையா, எங்கள் பெருமையா என்று நேராகக் கேட்டால் என்னால் ஒரே பதில் சொல்ல முடியாது. விற்காததே தரத்துக்குச் சாட்சி என்று பேசிய இரவுகள் உண்டு. அரிதாயிருப்பதைக் காட்டி மதிப்பைச் சொல்லும் அந்த வாலை விழுங்கும் தர்க்கம் ஆப்பிள்காரனுடையது மட்டும் அல்ல.

அவரவர் பாடு அவரவருக்கு, எல்லா மதிப்பீடும் அவரவர் சௌகரியம் என்று முடித்துவிடுகிறேனா? இல்லை. பெறுமா என்ற கேள்விக்கு என் பதில் இன்றும் அதுதான்: 2025இல் அந்த விலைக்கு அந்தப் போன் பெறாது. கட்டுமா என்பதற்கு அவனோடு உட்கார்ந்து காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டலாம். அந்தக் கணக்கில் அவன் வீட்டாரும் வர வேண்டும், ஏனென்றால் பணம் அவர்களுடையதும்கூட. தகுமா என்பதும் வெறும் ருசி விஷயமல்ல. அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கல்ல. தன் வீட்டாருக்கு, ஸ்ரீபெரும்புதூரில் அதைப் பொருத்தியவளுக்கு, பத்து வருஷம் கழித்துத் திரும்பிப் பார்க்கப்போகும் தனக்கு. ஆனால் அந்தப் பதிலை வாங்குகிறவன்தான் சொல்ல வேண்டும். அவனுக்காக நான் சொல்லிவிட்டால், பதில் சரியாகவே இருந்தாலும் அது அவனுடையதாக இருக்காது. தன்னுடையதல்லாத பதிலை வைத்துக்கொண்டு ஒருவன் நியாயமாக நடந்தான் என்று எப்படிச் சொல்வது?

8

தடைக்காலம் முடிந்து படகுகள் போயின. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருநாள் அவனை மண்டபம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். என் பேச்சைக் கேட்டு 22,000 ரூபாயில் ஒரு போன் வாங்கியிருந்தான். எடுத்துக் காட்டினான். திரை வழுக்கிக்கொண்டு ஓடியது. படம் தெளிவு. பாட்டரி இரண்டு நாள் நிற்கிறது என்றான். நான் சொன்னபடியே எல்லாம் இருந்தது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

"எப்படிப்பா இருக்கு?" என்றேன்.

"நல்ல போன் சார். ஒரு கொறையும் சொல்ல முடியாது." கொஞ்சம் தயங்கினான். "ஆனா எடுக்கறப்பல்லாம் நீங்க வாங்கிக் குடுத்த மாதிரியே இருக்கு."

நான் ஒரு காசும் கொடுக்கவில்லை. அவன் அதைக் குற்றமாகவும் சொல்லவில்லை. ராமேஸ்வரம் பஸ் வந்தது. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏறிப் போனான்.